வயிற்றில் கட்டிய பணிஸ்

ரொட்டி என்று நேர்ந்திருந்தால் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. ரொட்டி சுடுவதற்கு நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டே சுடலாம். கல்யாணமாகி அந்த லயத்து வரிசைவீட்டுக்கு வந்த நாள்முதல் பவுலினும் அப்படித்தான் சுட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருடம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன மலையில் குளவி கொட்டி, அவள் கணவன் பத்திநாதன் பூசணிக்காய் போல வீங்கிய முகத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பவுலின் அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

"அந்தோனியாரே, இந்த மனுசனை எழுப்பிக் குடுத்துருங்க. அடுத்த திருநாளுக்கு என் கையாலயே பாண் சுட்டு, கோயிலுக்கு வர்ற அத்தனை பேருக்கும் குடுக்குறேன்."

பயத்தில் வாய்க்கு வந்தது பேக்கரிப் பாண். அவள் வாழ்நாளில் ஒரு பாண் சுட்டதில்லை. திருநாள் பூசை முடிந்ததும் பாதர் மந்திரித்துக் கொடுக்கும் பணிஸ், அதாவது சின்ன உருண்டைப் பாண், வருடாவருடம் டவுன் பேக்கரியில் இருந்துதான் பெட்டியில் வரும்.

அந்தோனியார் தம் பங்கைச் சுணங்காமல் செய்தார். ஒரு வாரம் போவதற்குள் பத்திநாதன் எழுந்து உட்கார்ந்து, தேத்தண்ணியில் சீனி காணாது என்று குறை சொன்னார். வீட்டுக்கு வந்து நேர்த்தியைக் கேள்விப்பட்டதும் இன்னொரு குறை சொன்னார்.

"ரொட்டின்னு சொல்லியிருக்கலாம்ல."

"உங்க மூஞ்சி இருந்த கோலத்துக்கு ரொட்டி பத்தாதுன்னு தோணுச்சு."

"சரி, பேக்கரியிலயே வாங்கிக் குடுத்துரு. பாண்னா பாண்தானே."

"என் கையாலன்னு சொல்லிட்டேனே."

"அதை வேற ஏன் சொன்ன?"

நேர்ந்துகொள்ளும்போது மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லிவிடுகிறார்கள். கடவுளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த ஜூன் மாதம் வந்தது. மழையும் வந்தது. பக்கத்து லயத்து லோஜினி தன் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். வெயில் விழுகிற ஜன்னலுக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்று, "டின்னர் ரோல், ரொம்ப ஈஸி, வீட்டிலேயே செய்யலாம்" என்று சிரித்தாள். மாவு, ஈஸ்ட், சீனி, உப்பு, வெதுவெதுப்பான பால், கொஞ்சம் பட்டர். பிசைந்து, மூடி, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் இரண்டு மடங்காகிவிடுமாம். அப்புறம் ஒரு குத்துக் குத்தி, உருண்டை பிடித்து, மறுபடி பொங்கவிட்டுச் சுட வேண்டியதுதானாம்.

"நம்ம பணிஸ்தான்க்கா. பேரு மட்டும்தான் வேற" என்றாள் லோஜினி.

அந்த அம்மாளின் அறைக்கு ஒரு வெப்பம் இருந்தது. ஜூன் மாதத்து லயத்து அறைக்கு அப்படி ஒன்று கிடையாது. சுவர் வேர்க்கும், போர்வை நனைந்தது போல இருக்கும், தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகக் கிடக்கும். பவுலின் முதல் தடவை பிசைந்து வைத்த மாவு சாயங்காலம் வரை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. சுட்டுப் பார்த்தாள். பத்திநாதன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவுக்கு அதை முட்டுக் கொடுத்தார். கதவு அதற்குப் பிறகு அசையவில்லை. இரண்டாம் தடவை அடுப்போரம் வைத்தாள். அடுப்புப் பக்கம் வெந்துவிட்டது, மறுபக்கம் விறைத்துவிட்டது.

மிச்சம் இருந்த மாவு இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும். மறுநாள் திருநாள். கொழுந்து நிறைந்து கிடந்ததால் திருநாளுக்கு முந்தின அந்த நாளில் லீவும் கிடையாது. விடியும் முன்னே எழுந்து மாவைப் பிசைந்த பவுலின், அதைப் பெரிய சட்டியில் போட்டுத் துணியால் மூடி, போர்வையால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள்.

மலைக்குப் போகும் அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் அறை அது. பால் காய்ச்ச நாள் முழுக்க அடுப்பு எரியும். தோட்டத்திலேயே குளிர் தெரியாத இடம் அது ஒன்றுதான். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அவற்றுக்கு நடுவே காளியாயி நிற்பாள். பவுலின் வயதுக்காரி. குமரியாக இருந்தபோதே அந்த வேலைக்கு வந்து, தோட்டத்தில் பாதிப் பேரைத் தொட்டிலில் ஆட்டியிருக்கிறாள். மாரியம்மனுக்கு அடுத்தபடியாக அவள் மதிப்பது சட்டத்தை.

"என்னா இது?"

"மாவு. பொங்கணும். பின்னேரம் வரைக்கும் இந்தச் சூட்டுல இருக்கட்டும் காளியாயி."

"பிள்ளைகளைத் தவிர ஒண்ணும் உள்ள வரக்கூடாது. நர்சம்மா சட்டம்."

"அந்தோனியாருக்கு நேர்ந்தது."

காளியாயி யோசித்தாள். சட்டம் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். அடுத்த கோயில் சாமியானாலும் சாமிதான்.

"தரையில வெச்சா அது மாவு. வினோஜன் தின்னுருவான்" என்றாள், தவழ்ந்து வந்து சட்டியைத் தொட்ட ஒரு பையனைக் காலால் மெல்ல ஒதுக்கியபடி. "தொட்டில்ல போட்டா பிள்ளை. ஒரு தொட்டில் காலியாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைன்னா பிள்ளை மாதிரிதான் நடத்துவேன். தேத்தண்ணி நேரத்துக்கு வந்து பாக்காத அம்மாவோட பிள்ளையை நான் வெச்சுக்கிறதில்ல."

"வந்து என்னா செய்ய? பாலா குடுக்க முடியும்?"

"தூக்கித் தட்டிக் குடு. பேரு என்னா?"

"மாவுக்கா?"

"பேரு இல்லாம தொட்டில்ல போட மாட்டேன்."

"அந்தோனி" என்றாள் பவுலின்.

காளியாயி சட்டியோடு மாவைத் தொட்டிலில் இறக்கி, இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டாள்.

தேத்தண்ணி நேரத்தில், கைப்பிள்ளைக்காரிகள் போகலாம் என்று கங்காணி வீரய்யா குரல் கொடுத்தார். மூன்று நான்கு இளம் பெண்கள் கூடையை இறக்கினார்கள். பவுலினும் இறக்கினாள்.

"நீங்க எங்கக்கா?"

"பிள்ளைக்காம்பராவுக்கு."

"அங்க உங்களுக்கு என்னா?"

"அந்தோனி."

பவுலினின் மூத்த மகள் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியவர் வீரய்யா. அவளுக்கு இனிக் கைப்பிள்ளை ஏது என்று அவருக்குத் தெரியும்.

"காளியாயி அக்காவுக்குத் தெரியுமா?"

"அதுதான் வரச் சொல்லுச்சு."

"அப்பப் போங்க" என்றார். அவரையும் ஒரு காலத்தில் அதே காளியாயிதான் தொட்டிலில் ஆட்டியிருந்தாள். அதனால் அவளோடு வாதாடும் வழக்கம் அவருக்கு இல்லை.

பிள்ளைக்காம்பராவில் பவுலின் துணியை விலக்கிப் பார்த்தாள். மாவு சட்டியின் விளிம்பைத் தாண்டி, பஞ்சு போல, வெடிப்பில்லாமல் உப்பி நின்றது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அழுகையே இல்ல" என்றாள் காளியாயி பெருமையோடு. "இந்தக் காம்பராவுலயே நல்ல பிள்ளை இதுதான். மத்ததுகளுக்குக் காட்டிச் சொன்னேன், அந்தோனியைப் பாருங்கடின்னு."

போனில் வந்த அம்மாள் சொன்னபடி பவுலின் மாவின் நடுவில் முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினாள். அது பெருமூச்சு விட்டுக்கொண்டு அடங்கியது.

"பிள்ளையை அடிக்காத புள்ள."

"அடிச்சாத்தான் நல்லா வருமாம். இன்னொரு தடவை பொங்கணும். அது மட்டும் இந்தச் சூட்டுல பொங்கிட்டா என் நேர்த்தி முடிஞ்ச மாதிரிதான்."

அந்த நேரம்தான் கதவைத் தள்ளிக்கொண்டு பிரேமினி வந்தாள். மழைத் தண்ணீர் சொட்டியது. முந்தின நாள்தான் அவள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த துணிக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"மாமிக்குக் காய்ச்சல்க்கா. எந்திரிக்கவே முடியல. இவளை எங்க விடுறதுன்னு தெரியல."

காளியாயி தொட்டில்களைப் பார்த்தாள். எல்லாம் நிறைந்திருந்தன. பிறகு பவுலினைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. அதுதான் பவுலினுக்குக் கஷ்டமாக இருந்தது. சட்டம் பேசியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

வெளியே சாரல் அடித்தது. மாவை இப்போது வெளியே எடுத்தால் பொங்காது. வேறு மாவும் இல்லை. நாளைக்குக் கோயில் வாசலில் வெறுங்கையோடு நிற்க வேண்டும், அதுவும் அந்தோனியாருக்கு முன்னால். அவள் அவரை நினைத்தாள். வீட்டுப் படத்திலும் சரி, கோயில் சுரூபச் சிலையிலும் சரி, அவர் கையில் இருப்பது ஒரு குழந்தைதான். பாணோடு நிற்கிற அந்தோனியாரை அவள் பார்த்ததில்லை.

"வேணாம்க்கா, மடியிலயே வெச்சுக்கிறேன்" என்றாள் பிரேமினி, இரண்டு பேரும் பேசாமல் நிற்பதைப் பார்த்து.

"மடியில வெச்சுக்கிட்டு கொழுந்து எடுப்பியா? போடு உள்ள" என்று பவுலின் சட்டியைத் தூக்கினாள். "இது வளந்த பிள்ளை. வெளிய வரலாம்."

தொட்டில் மாவின் சூட்டில் இன்னும் கதகதப்பாக இருந்தது. குழந்தை படுத்ததும் தூங்கிவிட்டது.

மலைக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் பவுலின் அழவில்லை. ஆனால் அவள் நடை அழுகிற நடையாக இருந்தது. போர்வைக்குள் சட்டி ஆறிக்கொண்டே வந்தது. பாறையோரத்து மரத்தடியில் பெண்கள் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். லோஜினி மட்டும் சிரித்தாள். எதற்கும் சிரிக்கிற பெண் அவள்.

"வயித்துல கட்டிக்கங்கக்கா. மனுச வயித்தைவிடச் சூடான எடம் இந்த மலையில எங்க இருக்கு?"

கேலியாகத்தான் சொன்னாள். பவுலின் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவை ஒரு பையில் போட்டு, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்குக்குள், வயிற்றோடு வைத்துக் கட்டினாள். எழுந்து நின்று சரிவில் ஒரு அடி வைத்தாள். பாரம் முன்னால் இழுத்தது. இரண்டு தேயிலைச் செடிக்கு நடுவே உட்கார்ந்த வாக்கில் வழுக்கிப் போய் நின்றாள்.

"கொண்டாங்க, பாதியை நான் கட்டிக்கிறேன்" என்றாள் லோஜினி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு" என்றாள் சர்மிளா.

"அவளுக்கு வயிறே இல்ல. எனக்குக் குடுங்க, நாலு பிள்ளை சுமந்த வயிறு, நல்ல பழக்கம்" என்றாள் பிரியந்தி.

எப்படியும் அடுத்தது உருண்டை பிடிக்கிற வேலைதான். மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, பவுலின் கல்லின்மேல் படங்கை விரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு உருண்டையையும் தன் கையாலேயே பிடித்தாள். அதை மட்டும் யாருக்கும் விடவில்லை. ரொட்டி கட்டிக்கொண்டு வந்த பைகள் காலியாக இருந்தன. உள்ளே எண்ணெய்ப் பசையும் தேங்காய்ச் சம்பல் வாசமும் மிச்சம் இருந்தன. ஆளுக்கு இரண்டு மூன்று உருண்டைகளை அந்தப் பைகளில் போட்டு, வாயைத் தளர முடிந்து, படங்குக்குள்ளே கட்டிக்கொண்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்.

"அண்ணே, உங்களுக்கு ரெண்டு?" என்று லோஜினி கங்காணியைக் கேட்டாள்.

"நான் ஒண்ணையும் பாக்கல" என்று வீரய்யா எதிர்மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அன்றைக்குப் போல அந்த மலையில் ஒருநாளும் அமைதியாக வேலை நடந்ததில்லை. யாரும் குனியவில்லை, யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் திட்டவுமில்லை, திட்டினால் வயிறு குலுங்கும். "உன்னோடது அசையுதா?" "அசையல, ஆனா தள்ளுது" என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மத்தியானம் தாண்டியபோது கம்பளிகளுக்கு உள்ளே எல்லாம் மேடிட்டிருந்தது.

அப்போதுதான் தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னத்துரை நிரஞ்சன் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தான். கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதமும் ஆகவில்லை. மலையகத்துக் குளிருக்குப் பயந்து உள்ளே ஒரு நீலக் கம்பளிச் சுவெட்டர், மேலே ஒரு தடித்த ஜாக்கெட். நல்ல பிள்ளை. எல்லா விதிகளையும் படித்துக்கொண்டு வந்திருந்தான். வரிசையைப் பார்த்தவன் நின்றுவிட்டான். முதல் பெண் கர்ப்பமாக இருந்தாள். இரண்டாவது பெண்ணும். அவன் வரிசையின் கடைசிவரை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"கங்காணி, காலைல பெரட்டுல இவங்க யாரும் இப்படி இல்லையே."

"இல்ல தொரை" என்றார் வீரய்யா. அவர் பொய் சொல்லாத மனிதர். "தேத்தண்ணிக்கு அப்புறம்தான்."

நிரஞ்சன் குரலைத் தாழ்த்தினான். "எப்ப... எப்பன்னு ஏதாவது சொல்றாங்களா?"

"இன்னைக்குப் பின்னேரமே இறக்கிருவாங்க தொரை."

"எல்லாருமா?"

"எல்லாரும். நாளைக்குப் பூசையாச்சே."

நிரஞ்சன் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, வயதில் மூத்தவளாகத் தெரிந்த பவுலினிடம் போய் நின்றான்.

"அம்மா, நீங்களுமா?"

மற்றப் பெண்கள் முகத்தைக் கம்பளியில் மறைத்துக்கொண்டார்கள். ஆமாம் என்று சொன்னால் அவன் போய்விடுவான். ஆனால் அந்தோனியார் திருநாளுக்கு முந்தின நாள் பொய் சொல்லப் பவுலினால் முடியாது.

"இல்ல தொரை, இது பணிஸ்."

"என்னது?"

அவள் கம்பளியை விலக்கி, படங்கின் முடிச்சைத் தளர்த்தி, பையை எடுத்துக் காட்டினாள். உள்ளே உருண்டைகள் வெள்ளை வெளேரென்று, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தன. குளவி கொட்டியதிலிருந்து பிரேமினியின் குழந்தை வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்லப்போகிறான் என்று காத்து நின்றாள்.

நிரஞ்சன் கண்ணாடியில் படிந்த மழைத்துளியைத் துடைத்துக்கொண்டான்.

"வயித்துல சுமக்கிறவங்களைச் சரிவான இடத்துல வேலை செய்ய விடக்கூடாது. அது விதி" என்றான் கடைசியில். "எதைச் சுமக்கிறாங்கன்னு விதியில எழுதல. கங்காணி, எல்லாரையும் ஆத்தோரத்துத் தட்டை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. மெதுவா."

பெண்கள் மெதுவாக இறங்கத் தொடங்கினார்கள். நிரஞ்சன் பவுலினின் கூடையை எட்டிப் பார்த்தான். கட்டுவதற்கு வயிறு கிடைக்காமல் மிஞ்சிய ஒரு சின்னப் பை உள்ளே கிடந்தது. அதில் இரண்டு உருண்டைகள்.

"இது ஏன் வெளியில இருக்கு? குளிராதா?"

"ஆள் இல்ல தொரை."

அவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். பிறகு பையை வாங்கிச் சுவெட்டருக்குள் வைத்து, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல தேயிலை பெக்டரிப் பக்கம் நடந்தான்.

பின்னேரம் பத்திநாதன் லயத்து வாசலில் மூன்று கல் அடுப்பு மூட்டினார். பெரிய அலுமினியச் சட்டிக்குள் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடிமேலும் தணலை அள்ளிப் போட்டார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, உள்ளே திரைக்குப் பின்னால் போய், படங்கை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று ஒவ்வொருவரையும் பத்திநாதன் கேட்டார்.

"ரெட்டைப்பிள்ளைண்ணே" என்றாள் பிரியந்தி.

முதல் தட்டு வெளியே வந்தது. பவுலின் ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே வலைவலையாக, ஆவி பறந்தது. பத்திநாதன் பாதியை வாங்கித் தின்றார். குறை சொல்லவில்லை. மெல்ல மென்று, இன்னொரு பாதிக்குக் கையை நீட்டினார். அதுதான் அவர் பாராட்டு. உருவம்தான் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்றில் அரைஞாண் கயிற்றின் தடம் இருந்தது, ஒன்றில் பொத்தான் பதிந்திருந்தது. சர்மிளாவுடையது தட்டையாக இருந்தது. சிலவற்றில் சம்பல் வாசம்.

சின்னத்துரையின் இரண்டு மட்டும் வரவில்லை. பங்களாவுக்குப் போய்க் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

காளியாயி தொட்டில் துணியைத் துவைத்துப் பிழிந்துகொண்டு அந்த வழியாக வந்தபோது, பவுலின் கூடையின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னா புள்ள, நல்லாத்தானே வந்திருக்கு."

"என் கையாலன்னு நேர்ந்தேன் காளியாயி. இப்பப் பாரு, இருபது பேரு வயித்துல வளந்து வந்திருக்கு. இதைக் கொண்டுபோய் என் நேர்த்தின்னு எப்படி வைப்பேன்? அந்தோனியாரை ஏமாத்துன மாதிரி இருக்கு."

காளியாயி உட்கார்ந்து, நேர்த்தியை விசாரிக்கத் தொடங்கினாள்.

"பிசைஞ்சது யாரு?"

"நான்."

"உருண்டை பிடிச்சது?"

"நான்தான்."

"சுட்டது?"

"நான். அவுக தணல் போட்டாக."

"அப்பக் கை உன்னோடதுதான். வயிறு யாருதுன்னு நீ நேரலயே."

பவுலின் அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு முழுசாக ஆறவில்லை.

"உங்க சாமி உன்கிட்ட தனியாச் செய்யச் சொன்னாரா?" என்றாள் காளியாயி எழுந்துகொண்டே. "இல்லல்ல? பின்ன அந்தப் புள்ளைக்குத் தொட்டிலை நீ குடுத்தப்ப அவரு பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பாராக்கும்?"

மறுநாள் கோயிலில் இடம் கொள்ளவில்லை. மாவு சுமந்த பெண்கள் எல்லோரும், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மன் கோயிலில் நிற்பவர்கள்கூட, குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார்கள். பூசை முடிந்து பாதர் கூடையை மந்திரித்து, வாசலில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வரிசை நகரவில்லை.

"இது என்னோடது இல்ல பாதர்" என்றாள் லோஜினி. "என்னோடதுல பொத்தான் இருக்கும்."

"எல்லாம் ஒரே பணிஸ்தானேம்மா."

"சொமந்தவளுக்குத் தெரியாதா பாதர்?"

பாதர் பவுலினைப் பார்த்தார். பவுலின் தரையைப் பார்த்தாள். பாதர் கூடையைக் கீழே வைத்து, சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். பெண்கள் குனிந்து தேடினார்கள். பிரியந்தி தன் இரண்டையும் கண்டுபிடித்து, ஒன்றைப் பின்னால் நின்ற ஒரு கிழவரிடம் கொடுத்தாள். சர்மிளாவின் தட்டையான பணிஸை மட்டும் எல்லோரும் அடையாளம் கண்டு அவளிடம் நீட்டினார்கள்.

கூடை காலியானபோது பிரேமினி குழந்தையோடு படியேறி வந்தாள். பால் கொடுத்துவிட்டு வரச் சுணங்கிவிட்டது. காலிக் கூடையைப் பார்த்து, "பரவாயில்லக்கா" என்றாள்.

பவுலினால் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை. வருகிற அத்தனை பேருக்கும் என்று அவள் நேர்ந்திருந்தாள். ஓர் ஆள் குறைந்தாலும் குறைதான். அதுவும் இந்த ஆள்.

அப்போது வாசலில் சின்னத்துரை நின்றான். கண் சிவந்திருந்தது. ஜாக்கெட்டின் ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. முன்பக்கம், எட்டு மாதம் இருக்கும்.

"அம்மா," என்றான் பவுலினிடம், மிக மரியாதையாக. "இதை எப்ப இறக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லல. ராத்திரி உக்காந்துக்கிட்டேதான் தூங்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. காளியாயிதான் முதலில் முன்னே வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா நடங்க தொரை. பாதை வழுக்கும்."

பவுலின் வீட்டில் சுவெட்டரை அவிழ்க்கத்தான் நேரம் எடுத்தது. மாவு பையை விட்டு வெளியே வந்து கம்பளி நூலோடு கலந்து போயிருந்தது. புளித்த ஆப்பமாவு வாசம் அடித்தது. பத்திநாதன் ஒரு பக்கமும் காளியாயி ஒரு பக்கமும் இழுக்க, பவுலின் விரலால் வழித்தெடுத்தாள். வந்ததை மறுபடி தன் கையாலேயே இரண்டு உருண்டை பிடித்தாள். சட்டி மணலில் வைத்து மூடித் தணல் போட்டாள். நிரஞ்சன் பத்திநாதனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, குளிரில் கையைக் கட்டியபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூடியைத் திறந்தபோது இரண்டும் மாநிறமாக, அங்கங்கே நீல நூல் நீட்டிக்கொண்டு இருந்தன. பவுலின் ஒன்றைக் கூடவே வந்திருந்த பிரேமினியிடம் கொடுத்தாள். மற்றதைச் சின்னத்துரையிடம் கொடுத்தாள். அவனும் கோயிலுக்கு வந்தவன்தானே.

"கணக்குச் சரி" என்று பெருமூச்சு விட்டாள். "வந்த அத்தனை பேருக்கும் குடுத்தாச்சு."

பிரேமினி ஒரு நூலை உருவிப் போட்டுவிட்டு வாயில் வைக்கப் போனவள், நிறுத்தினாள்.

"நீங்க தின்னீங்களாக்கா?"

"நான் எதுக்கு? நான் நேர்ந்தவ."

"நீங்களும் கோயிலுக்கு வந்தீங்கல்ல."

பவுலின் பத்திநாதனைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். காளியாயியைப் பார்த்தாள். சட்டப்படி அது சரி என்பது போல காளியாயி தலையை ஆட்டினாள். பிரேமினி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பணிஸை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை நீட்டினாள். அதை வாங்கிய பவுலின் நூலைக்கூட எடுக்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் புளிக்குது" என்றாள் மென்றுகொண்டே.

"மன்னிக்கணும்" என்றான் நிரஞ்சன்.